‘பாரா’வில் தொடங்கும் சொல்லா? மருத்துவக் காகிதம் படிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மாடிப்படியில் விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுதித் தரும்படி அவர் மகள் என்னிடம் கொண்டுவந்தார். நான் அப்போதுதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சியை முடித்திருந்தேன். தெருவுக்கே மருத்துவ ஆங்கிலம் தெரிந்த ஆள் நான்தான். அந்தக் காகிதத்தில் ‘பாராபரேசிஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. பாராலிசிஸ் என்றால் பக்கவாதம், இது அதற்குத் தம்பியாக இருக்கும் என்று நினைத்து ‘லேசான பக்கவாதம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உதவித்தொகைக்காக அதை எடுத்துக்கொண்டு போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பக்கம்?” பெரியவருக்கு எந்தப் பக்கமும் கிடையாது. இரண்டு கால்களிலும் பலம் குறைந்திருந்தது. கைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் வேறொன்று என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். திருத்தி எழுதி, மறுபடி கையெழுத்து வாங்கி, மறுபடி வரிசையில் நின்று முடிப்பதற்குள் பதினோரு நாள் ஓடிவிட்டது. அந்த மகள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: ‘பாரா என்றால் பக்கத்தில்’. அது பொய்யில்லை, ஆனால் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசியை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் படிப்புகளுக்குத் தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள், காப்பீட்டு மேசையில் புதிதாக உட்காருகிறவர்கள், என்னைப்போல அக்கம்பக்கத்தாருக்குக் காகிதம் எழுதித் தருகிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் இறங்காதீர்கள். நான் இறங்கினேன். நூற்றுச் சொச்சம் சொற்கள் பத்து நாளில் மனப்பாடம் ஆனது, பன்னிரண்டாவது நாள் பாதி மறந்தது. காகிதத்தில் பார்த்த சொல்தான் மண்டையில் நிற்கும்.

வீட்டிலேயே கிடைப்பவை போதும். ஒரு பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. காய்ச்சல் வந்தபோது எடுத்த வைடால் பரிசோதனை முடிவு. முதுகுவலிக்கோ சைனஸுக்கோ எடுத்த எக்ஸ்ரே அறிக்கை. பிரசவ அட்டை. ஒரு மாத்திரை அட்டை. ஒரு ஷாம்பு பாட்டில். கடைசி இரண்டும் எதற்கு என்று கேட்காதீர்கள், 8-வது படியில் வேலை இருக்கிறது.

அடுத்தவர் காகிதமாக இருந்தால் அனுமதி கேட்டு வாங்கி, பெயர், வயது, ஓ.பி. எண், போன் எண் எல்லாவற்றின் மீதும் தாள் ஒட்டி மறைத்துவிட்டு நகல் எடுங்கள். நகல் எடுத்த பிறகு பேனாவால் அடித்தால் வெளிச்சத்தில் தெரியும். வாட்ஸாப்பில் படமெடுத்து ‘இதுக்கு என்ன அர்த்தம்’ என்று குழுவில் போடுவது அறவே வேண்டாம்.

2. நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள்

சொல், எந்தக் காகிதத்தில் பார்த்தேன், ‘பாரா’வுக்கு இங்கே என்ன வேலை, தமிழில் எப்படி எழுதுவேன். இவ்வளவுதான். நான்காவது பத்தியைப் பென்சிலால் எழுதுங்கள். மாற்ற வேண்டி வரும்.

3. கிரேக்கம் இல்லாதவற்றை வாசலிலேயே நிறுத்துங்கள்

‘பாரா’ என்ற கிரேக்க முன்னொட்டைப் பிடிக்கப் போகிறோம். அதே வேஷத்தில் வேறு ஆட்களும் வருவார்கள். இவர்களை முதலில் பிரிக்காவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

பாராசூட்டின் ‘பாரா’ லத்தீன் வழி இத்தாலியிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்தது. ‘தடு, காப்பாற்று’ என்று பொருள். விழுவதிலிருந்து காப்பது பாராசூட். வெயிலைத் தடுக்கும் குடை பாராசோல். நெஞ்சு உயரத்துக்குக் காவல் நிற்கும் சுவர் பாராபெட், அதாவது நம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். பாராகிளைடிங், பாராசெய்லிங் எல்லாம் பாராசூட்டின் பிள்ளைகள்.

இதில் ஒரு வேடிக்கை. ‘பாரா மிலிட்டரி’ என்றால் துணை ராணுவம், அது கிரேக்க பாரா. ‘பாரா கமாண்டோ’ என்றால் பாராசூட்டில் குதிக்கிற படை, அது லத்தீன் வழி வந்த பாரா. இரண்டும் சீருடைதான், இரண்டும் துப்பாக்கிதான், ஆனால் சொல் அளவில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ‘துணைக் கமாண்டோ’ என்று ஒருவர் மொழிபெயர்த்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரஃபினும் கிரேக்கப் பாரா கிடையாது. ‘எதனோடும் அதிகம் ஒட்டாதது’ என்ற பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரியாததால் அப்படி வைத்தார்கள்.

மருத்துவக் காகிதத்தில் மிக மோசமான கண்ணி பிரசவ அட்டையில் இருக்கிறது. ‘ஜி3 பி1 எல்1 ஏ1’ என்று எழுதியிருப்பார்கள். வாயால் சொல்லும்போது ‘கிராவிடா மூன்று, பாரா ஒன்று’ என்பார்கள். இந்தப் பாரா ‘பெற்றெடுத்தல்’ என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, பக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பொருள் இதுதான்: இது மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, ஒரு குழந்தை உயிரோடு இருக்கிறது, ஒரு முறை கரு கலைந்திருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். பாரா என்பது பிரசவத்தின் எண்ணிக்கை. இரட்டைக் குழந்தை பிறந்தாலும் பாரா ஒன்றுதான். ‘குழந்தைகள்: 1’ என்று அங்கே எழுதிவிட்டால் ஒரு பிள்ளையைக் காகிதத்தில் தொலைத்த கதையாகிவிடும்.

எப்படிப் பிரிப்பது? பெரிய ஆங்கில அகராதி எதிலும் சொல்லின் பொருளுக்கு முன்போ பின்போ வேர் சொல்லும் ஒரு சிறு வரி இருக்கும். பொருளைப் படிப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். அரை நிமிட வேலை. நான் ஒரு வருடம் அந்த வரியைத் தாண்டித் தாண்டியே படித்தேன்.

4. உறுப்பின் பெயர் ஒட்டியிருந்தால், ‘எதற்குப் பக்கத்தில்?’ என்று கேளுங்கள்

வாசலைத் தாண்டி உள்ளே வந்த சொல்லில், பாராவுக்குப் பின்னால் உடல் உறுப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் வேலை எளிது. பாராநேசல் சைனஸ், மூக்கை ஒட்டிய காற்றறைகள். பாராவெர்ட்டிப்ரல், முதுகெலும்பை ஒட்டி. பாராஸ்பைனல் தசைப்பிடிப்பு என்று முதுகுவலி அறிக்கையில் அடிக்கடி வரும், தண்டுவடத்தில் பிரச்சினை என்று பயந்துவிட வேண்டாம், அதன் இருபுறத்துத் தசை இறுகியிருக்கிறது என்றுதான் பொருள். பாராஸ்டெர்னல், நெஞ்செலும்பின் ஓரம். பாராஅம்பிலிக்கல் ஹெர்னியா, தொப்புளை ஒட்டிய குடலிறக்கம்.

இங்கே இரண்டு கண்ணிகள்.

ஒன்று, ‘பெரி’. அது ‘சுற்றி’ என்று பொருள்படும் வேறொரு கிரேக்க முன்னொட்டு. பரிவட்டம், பரிவாரம் என்கிறோமே, அந்த வடமொழிப் ‘பரி’யும் இதுவும் ஒரே குடும்பம். பெரிகார்டியம் என்றால் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை. டிக்டேஷன் கேட்டு எழுதும்போது வேகமான பேச்சில் பாராவும் பெரியும் ஒரே மாதிரிக் காதில் விழும். ‘பெரிஅம்பிலிக்கல்’ வலி தொப்புளைச் சுற்றிலும், ‘பாராஅம்பிலிக்கல்’ ஹெர்னியா தொப்புளுக்கு ஓரத்தில். சந்தேகம் வந்தால் ஒலியை மெதுவாக ஓட்டி மறுபடி கேளுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

இரண்டு, பாராதைராய்டு. பெயர் தைராய்டுக்குப் பக்கத்தில் என்கிறது. இடம் சரிதான், தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு பொதுவாக நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கும். ஆனால் வேலை முற்றிலும் வேறு. ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் கவனிப்பது இவற்றின் பொறுப்பு. ‘ஹைப்பர்பாராதைராய்டிசம்’ என்று இருப்பதை ‘தைராய்டு அதிகம்’ என்று எழுதிவிட்டால், அதைப் படிக்கிறவர் கால்சியம் முடிவைப் பார்க்கவே மாட்டார், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் ஒரே குடும்பமாகிவிடாது.

5. ‘ஏ’ காணாமல் போன சொற்களையும் தேடுங்கள்

பாராவுக்கு அடுத்து உயிரெழுத்து வந்தால் அதன் கடைசி ‘ஏ’ பெரும்பாலும் விழுந்துவிடும். அப்போது வெறும் ‘பார்’ அல்லது ‘பேர்’ மட்டும் மிஞ்சும். பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

பரோட்டிட் சுரப்பி: பார் என்றால் பக்கத்தில், மீதி காது. காதோரம் இருக்கும் எச்சில் சுரப்பி. நம் ஊரில் பொன்னுக்கு வீங்கி வந்தால் கன்னம் வீங்குகிறதே, அந்த இடம். பரோனிக்கியா: நகத்தின் ஓரத்தில் சீழ் வைப்பது. இதற்குத் தமிழில் நகச்சுற்று என்று அருமையான சொல் இருக்கிறது, அகராதி புரட்டாமல் பாட்டியைக் கேட்டாலே போதும்.

பேரன்ட்டரல் என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். குடலுக்குப் பக்கத்தில், அதாவது குடல் வழியைத் தொடாமல் என்று பொருள். ஊசியாகவோ டிரிப்ஸாகவோ கொடுப்பது. கணினியின் தானியங்கித் திருத்தி இதைப் ‘பெற்றோர் சார்ந்த’ என்ற பொருள் தரும் பேரன்ட்டல் என்று சத்தமில்லாமல் மாற்றிவிடும். ‘பெற்றோர் ஊட்டச்சத்து வழங்கப்பட்டது’ என்று ஒரு மொழிபெயர்ப்பு என் கைக்கு வந்தது. ஐ.சி.யூ.வில் கிடந்த நோயாளிக்கு அம்மா சாப்பாடு ஊட்டினாராம்! தட்டச்சு செய்யும்போது அந்தத் திருத்தியை அணைத்துவிடுங்கள்.

6. உறுப்பு இல்லையென்றால், ‘போல இருக்கும் வேறொன்றா, துணைக்கு நிற்பதா?’

உங்கள் வைடால் முடிவை எடுங்கள். நான்கு வரி இருக்கும்: டைஃபி ஓ, டைஃபி ஹெச், பாராடைஃபி ஏ ஹெச், பாராடைஃபி பி ஹெச். முதல் இரண்டும் டைஃபாய்டுக் கிருமிக்கானவை. பின் இரண்டும் பாராடைஃபாய்டுக் கிருமிகளுக்கானவை, டைஃபாய்டு போலவே காய்ச்சல் தரும், ஆனால் வேறு கிருமிகள். இங்கே பாரா என்பது ‘அதைப் போன்ற, ஆனால் அது இல்லாத’. பாராஇன்ஃப்ளூயன்சாவும் இதே கதைதான். ஃப்ளூ போன்ற தொல்லை, வைரஸ் வேறு குடும்பம். அதனால் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் இது வரும். ‘தடுப்பூசி போட்டும் ஃப்ளூ வந்தது’ என்று குறிப்பு எழுதுவதற்கு முன் சொல்லை ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

துணை என்ற பொருளுக்குப் பாராமெடிக்கல், பாராலீகல், பாராமிலிட்டரி. நம் ஊரில் துணை மருத்துவப் படிப்புகள் என்று விண்ணப்பப் படிவத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஆனால் 2021-இல் வந்த மத்தியச் சட்டத்தின் தலைப்பில் ‘பாரா’ இல்லை, ‘அலைடு அண்ட் ஹெல்த்கேர்’ என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய சான்றிதழிலும் புதிய படிவத்திலும் ஒரே படிப்புக்குப் பெயர் மாறியிருந்தால் பதற வேண்டாம். சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள், நீங்களாக ஒன்றை இன்னொன்றாக மாற்றாதீர்கள்.

விளையாட்டுப் பக்கம் போனால் இன்னொரு திருப்பம். பாராலிம்பிக் என்றால் ஒலிம்பிக்குக்கு இணையாக நடப்பது. சேலம் மாரியப்பன் 2016-இல் ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினாரே, அந்தப் போட்டி. அதிலிருந்து பாரா என்ற துண்டு மட்டும் கழன்று, ‘பாரா தடகளம்’, ‘பாரா பேட்மிண்டன்’ என்று மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக்கு முன்னொட்டாகிவிட்டது. இதைத் ‘துணைத் தடகளம்’ என்று எழுதினால் அவமரியாதை.

7. தடம் மாறிய பாராவும், கால் கணக்குப் பாராவும்

பாராஎஸ்தீசியா என்றால் உணர்வு தடம் மாறுவது: மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற சுருக் சுருக். பாராசோம்னியா, தூக்கத்தில் நடப்பது போன்ற கோளாறுகள். பாரனோயா, மனம் தடம் மாறி எல்லோரையும் சந்தேகிப்பது. ‘பாரடாக்சிகல் ரியாக்‌ஷன்’ என்று மருந்துக் குறிப்பில் இருந்தால், எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக உடம்பு நடந்துகொண்டது என்று பொருள். தூங்க மருந்து கொடுத்தால் துள்ளி எழுவது மாதிரி. ‘முரண்பாடான எதிர்வினை’ என்று எழுதுவதைவிட ‘எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவு’ என்று எழுதினால் குடும்பத்தாருக்குப் புரியும்.

இனி என்னைக் கவிழ்த்த சொல். பாராபிளீஜியா, பாராபரேசிஸ். இவற்றில் பாரா என்பதைப் பக்கம் என்று பிரித்துப் பொருள் பார்க்காதீர்கள். இன்றைய மருத்துவ வழக்கில் இரண்டு கால்களையும் குறிக்கும், அவ்வளவுதான், கேள்வி கிடையாது. மேலே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்:

ஹெமி: உடலின் ஒரு பக்கம், அதாவது ஒரு கையும் அதே பக்கக் காலும்.
பாரா: இரண்டு கால்களும்.
குவாட்ரி அல்லது டெட்ரா: இரண்டு கைகள், இரண்டு கால்கள்.
மோனோ: ஏதாவது ஒரு கை அல்லது ஒரு கால்.

பின்னால் ‘பிளீஜியா’ என்று வந்தால் அசைவே இல்லை, ‘பரேசிஸ்’ என்று வந்தால் பலம் குறைந்திருக்கிறது. இந்தப் பின்பாதி வித்தியாசம் ஊனத்தின் சதவீதத்தை மதிப்பிடும்போது முக்கியமாகிவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதம் என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் பல சலுகைகள் கைக்கு எட்டாது. சதவீதத்தை மருத்துவர்தான் முடிவு செய்வார், உங்கள் தமிழ் அதை மாற்றாது. ஆனால் உங்கள் தமிழும் அவர் ஆங்கிலமும் முட்டிக்கொண்டால் கோப்பு திரும்பி வரும், அதை நான் பார்த்தாயிற்று.

பக்கவாதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஹெமிபிளீஜியாவைத்தான். பாராலிசிஸ் என்ற பொதுச் சொல்லையும் பழக்கத்தில் பக்கவாதம் என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான்.

8. மாத்திரை அட்டையையும் ஷாம்பு பாட்டிலையும் எடுங்கள்

மாத்திரை அட்டையில் பாராசிட்டமால் என்று இருக்கும். இங்கே பக்கம், துணை, கோளாறு எதுவும் செல்லாது. பென்சீன் வளையத்துக்கு ஆறு மூலைகள். ஒன்றாம் மூலையில் ஒரு தொகுதி இருந்து, இரண்டாவது தொகுதி அடுத்த மூலையில் இருந்தால் ஆர்த்தோ. ஒரு மூலை விட்டு இருந்தால் மெட்டா. நேர் எதிரே, நான்காம் மூலையில் இருந்தால் பாரா. பிளஸ் டூ வேதியியலில் படித்ததுதான். பாராசிட்டமால் என்ற பெயரே ‘பாரா அசிட்டைல் அமினோ பீனால்’ என்ற நீளமான பெயரைக் கத்தரித்து ஒட்டியது. அமெரிக்காவில் அதே பெயரின் வேறு துண்டுகளை ஒட்டி அசிட்டமினோஃபென் என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் மருந்துச் சீட்டில் இந்தப் பெயரும் நம் சீட்டில் அந்தப் பெயரும் இருந்தால் இரண்டும் ஒரே மருந்து, இரண்டு வரியாகப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இது பொருள் குழப்பத்தோடு நிற்காது, இரட்டை அளவு மருந்து உள்ளே போகும்.

ஷாம்பு பாட்டிலில் ‘பாராபென் இல்லை’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். பாரா ஹைட்ராக்சி பென்சோயிக் அமிலத்திலிருந்து வரும் பதப்படுத்திகள் அவை, அதே நேர் எதிர் மூலைப் பாரா. காசநோய் மருந்துப் பட்டியலில் வரும் பி.ஏ.எஸ்.ஸின் (பாரா அமினோ சாலிசிலிக் அமிலம்) முதல் எழுத்தும் இதே.

லேப் டெக்னீஷியன்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. திசுவைப் பதப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடில் வளையமே கிடையாது. ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட வடிவம் அது. அங்கே போய் நான்காம் மூலையைத் தேடி நான் அரை மணி நேரம் வீணடித்தேன்.

9. தமிழில் ஒரே முன்னொட்டைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தவறு இது: பாரா என்றால் ‘இணை’ என்றோ ‘துணை’ என்றோ முடிவு செய்துகொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டுவது. நமக்கு முன்னால் சொல்லாக்கியவர்கள் அப்படிச் செய்யவில்லை. எத்தனை வழியில் போயிருக்கிறார்கள் பாருங்கள். கணக்கில் இணைகோடுகள், இணைகரம். அதே கணக்குப் புத்தகத்தில் பாராமீட்டருக்குத் துணையலகு. உயிரியலில் பாராசிம்பதட்டிக் நரம்புக்கு எதிர்ப்பரிவு நரம்பு. பரிவு நரம்புக்குப் பக்கத்தில் என்று சொல்லாமல், அது செய்வதற்கு எதிராகச் செய்கிறது என்று வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். பாராகாந்தப் பொருளை அப்படியே பாராவாகவே விட்டுவிட்டார்கள். பாராபோலாவுக்குப் பரவளையம், ஒலியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, தமிழாகவும் இருக்கிறது, யார் மூளையோ!

எனக்கு மிகப் பிடித்தது ஒட்டுண்ணி. பாராசைட் என்ற சொல்லின் கிரேக்க மூலம் ‘அடுத்தவர் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்பவன்’. அந்தக் காலத்தில் பணக்காரர் பந்தியில் ஒட்டிக்கொண்டு வயிறு வளர்த்தவரை அப்படிச் சொன்னார்கள். ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. பக்கமும் இருக்கிறது, சோறும் இருக்கிறது, கொஞ்சம் கேலியும் இருக்கிறது.

ஆகவே நோட்டின் நான்காவது பத்தியை நிரப்பும்போது என் வரிசை இது. மக்கள் வாயில் சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்: நகச்சுற்று, பொன்னுக்கு வீங்கி. இல்லையென்றால் பள்ளிப் பாடநூலில் தேடுவேன். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுப்பேன்: ‘பாராபரேசிஸ், அதாவது இரண்டு கால்களிலும் பலக்குறைவு’. சொந்தமாகச் சொல் உருவாக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நோயாளியின் காகிதம் அதற்கான இடம் கிடையாது.

10. செலவும் நேரமும்

எனக்கு ஆனது: நோட்டு 60 ரூபாய், நகல்கள் 40 ரூபாய்க்குள், திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கிய பழைய மருத்துவ அகராதி 280 ரூபாய். பத்து வருடப் பழைய பதிப்பானாலும் முன்னொட்டுகள் மாறிவிடவில்லை, தாராளமாக வாங்கலாம். தமிழ்ப் பக்கத்துக்குக் காசே வேண்டாம். தமிழ்நாடு அரசின் சொற்குவை தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்புகள், தமிழ் விக்சனரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆங்கிலம்-தமிழ் அகராதி, எல்லாம் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நான்கும் நான்கு விதமாகச் சொன்னால் பாடநூலில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீணாய்ப் போன செலவு ஒன்று உண்டு. ‘முன்னொட்டு, பின்னொட்டு முழுப் பயிற்சி’ என்று ஒரு பயிற்சி மையத்தில் 3,500 ரூபாய் கட்டினேன். கொடுத்தது, இணையத்தில் எங்கும் கிடைக்கிற ஒரு பட்டியலின் நகல். பாராவுக்கு அதில் ஒரே வரி. எந்த வரி என்று உங்களுக்கே தெரியும்.

நேரம்? தினமும் 40 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். மூன்று வாரத்தில் பாரா அடங்கிவிடும். அதன்பிறகு ‘பெரி’, ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ எல்லாம் இதே முறையில் ஆளுக்கு ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மூன்று பக்க டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுத ஆரம்பத்தில் எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது, இப்போது இரண்டு. ‘நாளைக் காலையில் வேண்டும்’ என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் கேட்க ஒரு பகல் கண்டிப்பாகக் கையில் வேண்டும்.

சந்தேகத்தை டாக்டரிடம் கேட்க ஓ.பி. கூட்டத்தில் போய் நிற்காதீர்கள், எரிந்துதான் விழுவார்கள். மதியம் ஓ.பி. முடிந்த பிறகு வார்டில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸிடம், நோயாளியின் வீட்டார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய், ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள். ‘இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால் பதில் மறுபடியும் ஆங்கிலத்தில் வரும். ‘இவருக்கு இரண்டு காலும்தானே, கை இல்லையே?’ என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று உடனே வந்துவிடும்.

11. கொடுப்பதற்கு முன் வாசித்துக் காட்டுங்கள்

எழுதி முடித்ததும் கையெழுத்துக்கோ நோட்டரிக்கோ அனுப்பாதீர்கள். அங்கே முத்திரை விழுந்துவிட்டால் ஒரு எழுத்தை மாற்றவும் மறுபடி காசு, மறுபடி வரிசை. முதலில் சம்பந்தப்பட்டவர் வீட்டுக்குப் போய், அவர் எதிரே உட்கார்ந்து, தமிழில் எழுதியதை மட்டும் நிதானமாக வாசியுங்கள். பத்து நிமிடம் ஆகும். சொல் தெரியாவிட்டாலும் தன் உடம்பில் எது நோகிறது, எது நோகவில்லை என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் தெருப் பெரியவருக்கு நான் அன்று வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால், “பக்கவாதமா? எனக்கா? கை நல்லாத்தானேப்பா இருக்கு!” என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டியிருப்பார்.